ஆறாயிரமும் ஆயிரத்து ஐந்நூறும்

2024 ஜூன் 13 அன்று ஆந்திர முதல்வராகப் பொறுப்பேற்ற சந்திரபாபு நாயுடு போட்ட முதல் ஐந்து கையெழுத்துகளில் ஒன்று ஓய்வூதிய உயர்வுக்கானது. ஜூலை 1 அன்று குண்டூர் மாவட்டத்துப் பெனுமாக கிராமத்துக்கு அவரே போய், வீட்டு வாசலில் நின்று பணத்தைப் பயனாளியின் கையில் கொடுத்தார். முதியோருக்கு மூவாயிரமாக இருந்தது நான்காயிரமானது. மாற்றுத்திறனாளிகளுக்கு மூவாயிரம் ஆறாயிரமானது. பக்கவாதத்தாலோ கடுமையான தசைச்சிதைவாலோ படுத்த படுக்கையாகவோ சக்கர நாற்காலியிலோ இருப்பவர்களுக்கு ஐயாயிரம் ஒரே தாவலில் பதினைந்தாயிரமானது.

அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து தமிழ்நாட்டில் எங்கள் கூடுவாஞ்சேரிப் பக்கம் மாற்றுத்திறனாளிகள் இருக்கிற வீடுகளில் ஒரே கேள்விதான். எங்கள் தெருவில் அறிவுசார் குறைபாடுள்ள மகனை வளர்க்கும் அம்மா ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "ஏன்ணா, ஆந்திராவுல ஆறாயிரம் தராங்களாமே, நமக்கு மட்டும் ஏன் ரெண்டாயிரத்தோட நிக்குது?" நியாயமான கேள்வி. பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, ஒரு மாநிலம் தாராளம், இன்னொரு மாநிலம் கஞ்சம் என்று முடித்துவிட முடியவில்லை. ஏனென்றால் அதே ஆந்திராவில் 2025 ஆகஸ்டில் அந்த ஆறாயிரம் வாங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையில் நோட்டீஸ் வந்து சேர்ந்தது.

இந்த இரண்டு மாநிலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நான் எடுத்துக்கொள்ளும் காலம் 2023 முதல் 2025 இறுதி வரை. உதவித்தொகையைக் குறைப்பதற்கு அரசுகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கொடுத்துக்கொண்டிருப்பதை நிறுத்துவது. இன்னொன்று, கொடுப்பதை உயர்த்தாமலே வைத்திருப்பது. முதல் வழி ஆந்திராவில் நடந்தது, அது நாடு முழுக்கச் செய்தியானது. இரண்டாவது வழி இங்கே பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது, அது செய்தியாவதே இல்லை.

முதலில் ஆந்திரா. தொகை இரட்டிப்பானதும் அரசுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. மாநிலத்தில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியமும் நோய்சார்ந்த ஓய்வூதியமும் வாங்குவோர் ஏறத்தாழ 8 லட்சம் பேர். சுமார் ஐந்து கோடி மக்கள்தொகைக்கு இது அதிகம், இதில் போலிச் சான்றிதழ்கள் புகுந்திருக்கின்றன என்று அரசு சொன்னது. 2025 ஜனவரியில் மறுபரிசோதனை தொடங்கியது. பதினைந்தாயிரம் வாங்குவோரின் வீட்டுக்கு மருத்துவர் குழு போனது. மற்றவர்கள் அரசு மருத்துவமனைகளுக்கு அழைக்கப்பட்டார்கள். ஆகஸ்டில் முடிவுகள் நோட்டீஸ்களாக வந்தன. குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்று கணிக்கப்பட்டவர்களுக்கு ஓய்வூதியம் ரத்து. அறுபது வயதைக் கடந்தவராக இருந்தால் முதியோர் ஓய்வூதியத்துக்கு மாற்றம், அதாவது ஆறாயிரம் நான்காயிரமாகும். பதினைந்தாயிரம் வாங்கியவர்களில் பலர் ஆறாயிரத்துக்கு இறக்கப்பட்டார்கள்.

போலிச் சான்றிதழ் புழங்கவில்லை என்று நான் வாதிட மாட்டேன். மாதம் ஆறாயிரம் என்றால் இடைத்தரகர்கள் மோப்பம் பிடிப்பார்கள், சான்றிதழுக்கு விலை வரும். காது கேட்கிறவர் கேளாதவராகப் பதிவாவதால் நட்டம் கஜானாவுக்கு மட்டுமல்ல, உண்மையிலேயே காது கேளாதவருக்கும் அதில் நட்டம் உண்டு. அடுத்த பரிசோதனையில் மருத்துவர் அவரையும் திருடனைப் போலத்தான் பார்ப்பார். களையெடுப்பு தேவைதான். ஆனால் அது நடந்த விதம் என்ன?

ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2010 வாக்கில் 'சதரம்' என்ற கணினி முறை வந்தது. மருத்துவர்கள் சோதித்து, சதவீதம் போட்டு, அடையாள எண்ணோடு சான்றிதழ் கொடுத்தார்கள். அந்த அரசுச் சான்றிதழை நம்பி ஒருவர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓய்வூதியம் வாங்கியிருக்கிறார். நிரந்தரக் குறைபாடு என்று எழுதப்பட்ட அதே கால், மறுபரிசோதனையில் தற்காலிகக் குறைபாடு ஆகிவிட்டது. இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிய கால் எப்போது தற்காலிகமானது? முதல் மருத்துவர் எழுதியது தவறா, இரண்டாவது மருத்துவர் எழுதியது தவறா என்பதை முடிவுசெய்ய வேண்டியது அரசு. அந்தப் பொறுப்பை நோட்டீஸ் பெற்றவரின் தலையில் கட்டியது எப்படி நியாயமாகும்? முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய், மறுபடி மருத்துவமனைக்கு வா, மறுபடி வரிசையில் நில் என்றார்கள். நடக்க முடியாதவருக்கு வந்த உத்தரவு இது.

எதிர்ப்பு கிளம்பியது. மாற்றுத்திறனாளிகள் மாவட்டத் தலைநகரங்களில் உட்கார்ந்தார்கள். எதிர்க்கட்சியான ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் அதைக் கையில் எடுத்தது. ஆகஸ்ட் கடைசியில் அரசு இறங்கிவந்தது. முறையிட்டவர்களுக்குச் செப்டம்பர் மாதத் தொகை நிறுத்தப்படாது, தகுதியுள்ள ஒருவருக்குக்கூட ஓய்வூதியம் போகாது என்று அறிவித்தது. இதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். நோட்டீஸ் என்று ஒன்று கையில் இருந்ததால்தான் அவர்களால் அதைத் தூக்கிக் காட்டிச் சண்டை போட முடிந்தது.

இனி நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தரத் தொகை இரண்டு துறைகளின் வழியாக வருகிறது. வருவாய்த் துறை கொடுக்கும் ஓய்வூதியம் ஒன்று. 1974இல் தொடங்கிய திட்டம் அது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை இன்னொன்று. அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன் போன்ற வகையினருக்கு அது மாதம் 2000 ரூபாய். எங்கள் தெரு அம்மாவின் மகனுக்கு வருவது இதுதான். வருவாய்த் துறையின் ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1000 ரூபாயிலிருந்து 1500 ஆனது. அந்த உயர்வு 4,39,315 பேருக்கு என்றும் ஆண்டுக்கு 263.58 கோடி ரூபாய் கூடுதல் செலவு என்றும் அரசு அறிவித்தது. பராமரிப்பு உதவித்தொகை பெறுவோர் ஏறக்குறைய இரண்டு லட்சம். ஆக இரண்டும் சேர்ந்து ஆறரை லட்சத்தைத் தொடாது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பதிவான மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். அந்தக் கணக்கெடுப்பு நடந்தபோது நம் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அது 21 ஆகிவிட்டது. எண்ணிக்கை கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது.

ஆந்திராவில் பட்டியல் பெரிது, தொகையும் பெரிது, நோட்டீஸ் வந்தது. இங்கே பட்டியல் சிறிது, தொகையும் சிறிது, நோட்டீஸ் வரவில்லை. அதனால் இங்கே எதுவும் குறைக்கப்படவில்லை என்று சொல்லிவிடலாமா?

ஆயிரம் ரூபாயின் வரலாற்றைப் பாருங்கள். 2011இல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்ததும் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்களை 500இலிருந்து 1000 ஆக்கினார். நல்ல உயர்வு, அன்றைக்கு அது இரட்டிப்பு. அதன் பிறகு பதினோரு ஆண்டுகள் அந்த ஆயிரம் அசையவில்லை. இரண்டு கட்சிகளின் ஆட்சிக்காலமும் இதில் அடக்கம். நாட்டின் சில்லறை விலைவாசிக் குறியீடு 2012ஐ 100 என்று வைத்துக் கணக்கிடப்பட்டது. 2022 டிசம்பரில் அது 175ஐத் தாண்டிவிட்டது. அதாவது 2012இல் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய அரிசி, எண்ணெய், மருந்தை 2023 ஜனவரியில் வாங்க 1750 ரூபாய் வேண்டும். கிடைத்தது 1500. உயர்வு என்று அறிவிக்கப்பட்ட நாளிலேயே அந்தத் தொகை பத்தாண்டுக்கு முந்தைய தொகையைவிட 250 ரூபாய் குறைவாக இருந்தது. 2025 கடைசியில் குறியீடு 197ஐ ஒட்டி வந்தபோது, அந்த 1500இலும் மேற்கொண்டு நூற்றைம்பது ரூபாய்க்கும் மேற்பட்ட மதிப்பு கரைந்திருந்தது. இதற்கு யாரும் அரசாணை போடவில்லை. எந்த மருத்துவரும் சோதிக்கவில்லை. இந்தக் கரைதலுக்கென்று ஒருவரும் சாலைக்கு வரவில்லை, ஏனென்றால் எதைக் காட்டி வருவது?

ஒன்றிய அரசின் பங்கு இதைவிட மோசம். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் 2009இல் மாதம் 200 ரூபாயுடன் தொடங்கியது. 2012இல் 300 ஆனது. அவ்வளவுதான், இன்றுவரை அதே 300. அதுவும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், குறைபாடு 80 சதவீதம் இருக்க வேண்டும். நாடாளுமன்றத்தின் ஊரக வளர்ச்சி நிலைக்குழு இந்தத் தொகையை உயர்த்தச் சொல்லித் திரும்பத் திரும்பப் பரிந்துரைத்திருக்கிறது. அந்த 300 இன்றைக்கு 2012இன் மதிப்பில் ஏறத்தாழ 150 ரூபாய். பாதியாகிவிட்டது. ஒரு பைசாகூடக் குறைக்காமலே பாதியாக்கிவிட்டார்கள். ஆந்திராவில் ஒரு லட்சம் நோட்டீஸ் செய்ததைவிடப் பரவலான வெட்டு இது, இந்தியா முழுக்க ஒரே நேரத்தில் விழுந்த வெட்டு. ஆனால் தேதி இல்லாத வெட்டு என்பதால் இதற்குத் தலைப்புச் செய்தி கிடைக்கவில்லை.

இங்கே கடல் கடந்து ஒரு பார்வை. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் உறவுகள் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் செய்தி எட்டியிருக்கும். 2025 மார்ச் 18 அன்று பிரிட்டனின் தொழிற்கட்சி அரசு மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி பவுண்ட் மிச்சம் பிடிக்கும் திட்டத்தை வெளியிட்டது. தகுதிக்கான மதிப்பெண் முறையை இறுக்கினால் எத்தனை பேர் வறுமைக்குள் தள்ளப்படுவார்கள் என்பதை அரசே கணக்கிட்டு வெளியிட்டது. இரண்டரை லட்சம் பேர், அவர்களில் 50 ஆயிரம் குழந்தைகள். அந்த எண்ணைப் பார்த்து ஆளுங்கட்சியின் உறுப்பினர்களிலேயே 120க்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். ஜூலை 1 அன்று நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே மதிப்பெண் முறையை இறுக்கும் பிரிவை விலக்கிக்கொள்வதாக அமைச்சர் அறிவிக்க நேர்ந்தது. எல்லாம் காப்பாற்றப்பட்டுவிடவில்லை. உடல்நலக் காரணத்தால் வேலைக்குப் போக முடியாமல் புதிதாக விண்ணப்பிப்போருக்கான கூடுதல் தொகை வாரத்துக்கு 97 பவுண்டிலிருந்து 50ஆகக் குறைக்கப்படும் என்ற பிரிவு நிறைவேறிவிட்டது. ஆனாலும் இரண்டு விஷயங்கள் நமக்குப் பாடம். ஒன்று, வெட்டு விழுவதற்கு முன்பே அதன் பாதிப்பு எண்ணாக மக்கள் முன் வைக்கப்பட்டது. இரண்டு, வெட்டுவதற்குத் துணிந்த அதே நாட்டில், மாற்றுத்திறனாளிகளுக்கான அந்த உதவித்தொகை ஒவ்வோர் ஏப்ரலிலும் விலைவாசிக்கு ஏற்பச் சட்டப்படி உயர்கிறது. 2025 ஏப்ரலில் 1.7 சதவீதம் உயர்ந்தது. சிறிய உயர்வுதான். ஆனால் அதற்காக யாரும் மறியல் செய்து கைதாக வேண்டியிருக்கவில்லை.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஒவ்வொரு உயர்வுக்கும் கைதாகித்தான் ஆக வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் ஆட்சியர் அலுவலகங்களில் குடியேறும் போராட்டம் நடத்தியிருக்கிறது, சாலை மறியல் செய்திருக்கிறது. ஆந்திரத் தொகையை இங்கேயும் கொடு என்பது அவர்களுடைய முதன்மைக் கோரிக்கை. சக்கர நாற்காலியோடு ஒருவரைத் தூக்கி வேனில் ஏற்றும் காவலர்களின் முகத்தைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், அந்த வேலையை அவர்களும் விரும்பிச் செய்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் கொடுக்கும் தொகையைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆந்திராவில் முதியோருக்கு 4000, மாற்றுத்திறனாளிக்கு 6000. ஐம்பது சதவீதம் கூடுதல். தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்ட் முதல் முதியோருக்கு 1200, மாற்றுத்திறனாளிக்கு 1500. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 25 சதவீதம். சட்டத்தின் குறைந்தபட்ச வரம்பை ஒரு ரூபாய்கூடத் தாண்டாமல் தொட்டு நிற்கிறது. அந்த ஆண்டு ஜனவரியில் முதியோருக்கு 1000ஆக இருந்தபோது இடைவெளி 50 சதவீதமாக இருந்தது. முதியோர் தொகை ஏறியபோது, மாற்றுத்திறனாளி தொகையையும் அதே விகிதத்தில் ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை. 24ஆம் பிரிவே 'அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு' என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. எல்லா அரசுகளும் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே போகின்றன.

பொருளாதாரத் திறன் நமக்கு இல்லையா? என் கையால் போட்ட எளிய கணக்கு இது. இப்போது இரண்டு திட்டங்களிலும் இருக்கிற ஏறத்தாழ 6.4 லட்சம் பேருக்கும் மாதம் 6000 கொடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 4600 கோடி ரூபாய். இப்போதைய தொகைப்படி 1270 கோடி அளவில் செலவாகிறது. கூடுதலாகத் தேவைப்படுவது 3300 கோடியைச் சுற்றி. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கியது 13,807 கோடி. பெண்களுக்கான அந்தத் தொகையைக் குறைத்து இதைக் கொடு என்று நான் சொல்லவில்லை. அந்தத் திட்டம் ஆயிரக்கணக்கான வீடுகளில் என்ன செய்திருக்கிறது என்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்கு மாதந்தோறும் தவறாமல் பணம் அனுப்பத் தெரிந்த அரசுக்கு, ஆறரை லட்சம் பேரின் தொகையை உயர்த்துவது முடியாத காரியமல்ல என்றுதான் சொல்கிறேன். ஆந்திரா நம்மைவிடப் பணக்கார மாநிலம் அல்ல. மாநிலப் பிரிவினைக்குப் பிறகு தலைநகர் கட்டவே கடன் வாங்கும் மாநிலம் அது.

தொகையை விட்டுவிட்டு, அது கைக்கு வரும் வழியைப் பார்ப்போம். இங்கேதான் இரண்டு மாநிலங்களுக்கும் உள்ள வேறுபாடு அன்றாடத்தில் தெரிகிறது.

ஆந்திராவில் மாதம் முதல் தேதி செயலக ஊழியர் வீட்டுக்கே வருகிறார். முன்பு தன்னார்வலர்கள் வந்தார்கள், 2024 தேர்தலுக்குப் பிறகு கிராம, வார்டு செயலக ஊழியர்கள் வருகிறார்கள். ஆட்சி மாறியும் வீடு தேடி வருவது மாறவில்லை. நம் ஊரில் தொகை வங்கிக் கணக்குக்கு வருகிறது. வங்கிக்குப் போக முடியாதவர்களுக்கு வங்கி முகவர் கைரேகைக் கருவியோடு வருவார். தொழுநோயால் விரல் நுனிகள் மழுங்கியவர் அந்தக் கருவியில் கட்டைவிரலை வைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கருவி சிவப்பு விளக்கைக் காட்டும். துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். அடுத்த விரல், அதற்கடுத்த விரல். கண்ணைக் கருவியிடம் காட்டலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் முகவரிடம் அந்தக் கருவி இருக்காது. "அடுத்த வாரம் வரேன் பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போவார். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் இருக்கிறது. குணமான பிறகும் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் உண்டு. கைரேகையை அடிப்படையாக வைத்த ஒரு முறையை இந்த மாவட்டத்தில் நடத்துபவர்கள் முதலில் நினைத்துப் பார்த்திருக்க வேண்டியது அவர்களைத்தான்.

சான்றிதழுக்கு அலைவது இன்னொரு கதை. கூடுவாஞ்சேரியில் இருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மின்சார ரயிலில் போகலாம், நடக்க முடிந்தவர்கள். மற்றவர்களுக்கு ஆட்டோதான், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் போய் வருவதற்குள் அரை மாத ஓய்வூதியம் ஆட்டோவுக்கே போய்விடும். தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகளின்படி அட்டைக்கு நிறம் உண்டு. 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம். முன்பு ஒரு மாதத்துக்குள் சான்றிதழ் தர வேண்டும் என்று இருந்ததை அதே திருத்தம் மூன்று மாதமாக்கியது. சான்றிதழ் கையில் வந்தாலும் பராமரிப்பு உதவித்தொகை உடனே வந்துவிடாது. ஆண்டுதோறும் இத்தனை பேருக்கு என்று ஒதுக்கீடு உண்டு, அது நிரம்பிவிட்டால் காத்திருப்போர் பட்டியல். தகுதி இருக்கிறது, அரசே அதை எழுதிக் கொடுத்திருக்கிறது, ஆனால் தொகை இல்லை. என் கணிப்பில் இதுதான் தமிழ்நாட்டின் நோட்டீஸ். காகிதத்தில் வராத நோட்டீஸ்.

அந்த அம்மாவின் இரண்டாயிரத்துக்கு வருகிறேன். மகனுக்கு இருபது வயதைத் தாண்டிவிட்டது. பெரியவர்களுக்கான டயப்பர் பத்து கொண்ட ஒரு பை நானூறு ரூபாயை ஒட்டி. ஒரு நாளைக்கு ஒன்று என்று கணக்கிட்டாலே மாதம் ஆயிரத்து இருநூறு போய்விடுகிறது. இரவில் மட்டும் டயப்பர், பகலில் பழைய வேட்டித் துணி என்று அவர் வைத்துக்கொண்டிருக்கிறார். வலிப்பு மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம், இருப்பு இல்லாத மாதத்தில் வெளியே வாங்க வேண்டும். மகனைத் தனியே விட முடியாததால் அவர் வேலைக்குப் போவதில்லை. அந்த வீட்டில் அவருடைய உழைப்புக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. அரசின் கணக்கிலும் அது இல்லை.

தமிழ்நாட்டின் பக்கத்தில் நல்லது எதுவுமில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். உலக வங்கி உதவியோடு நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' சேவை மையங்கள் திறக்கப்பட்டுள்ளன. இயன்முறைச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, செவித்திறன் சோதனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது அதன் நோக்கம். ஆந்திரா பணமாகக் கொடுத்ததில் பாதியையாவது இப்படிச் சேவையாக மாற்றியிருந்தால் என்ற ஏக்கம் அங்குள்ளவர்களுக்கு இருக்கக்கூடும். 2025 ஏப்ரலில் சட்டமன்றம் இன்னொரு நல்ல காரியம் செய்தது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நந்திவரம்-கூடுவாஞ்சேரி நகராட்சி உட்பட ஒவ்வொரு மன்றத்திலும் அவர்களுடைய குரலுக்கு ஓர் இருக்கை. இந்தியாவில் மற்ற மாநிலங்கள் பார்த்துக் கற்க வேண்டிய சட்டம் அது. மன்றத்தில் இருக்கை கொடுத்த அரசு வீட்டில் அடுப்புக்கு என்ன கொடுக்கிறது என்ற கேள்வியை அந்த உறுப்பினர்களே கேட்க வேண்டும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு என் தீர்ப்பு இதுதான். தொகையில் ஆந்திரா சரி, தமிழ்நாடு தவறு. ஆறாயிரம் ஆடம்பரம் அல்ல. ஆயிரத்து ஐந்நூறு போதாது என்பது அதைக் கொடுப்பவர்களுக்கே தெரியும். மறுபரிசோதனையில் ஆந்திரா தவறு. நோட்டீஸ் கொடுத்த பிறகு விளக்கம் கேட்பது நீதி அல்ல. சந்தேகம் இருந்தால் முதலில் சோதி, அவர் தரப்பைக் கேள், தீர்ப்பு வரும்வரை தொகையை நிறுத்தாதே. போலிச் சான்றிதழ் எழுதிய மருத்துவரையும் தரகரையும் பிடிக்காமல், அதை வைத்திருந்தவரை மட்டும் பிடிக்காதே. தமிழ்நாடு நாளைக்குத் தொகையை உயர்த்தும்போது இதே சோதனை இங்கேயும் வரும். பணம் பெருகும் இடத்தில் சந்தேகமும் பெருகும். அதற்கு முன்பே முறையைச் செம்மையாக்கி வைத்தால், ஆந்திராவின் ஆகஸ்ட் மாதம் இங்கே வராது.

ஆனால் இதில் முதலில் செய்ய வேண்டியது எது என்று கேட்டால், விலைவாசிக் குறியீட்டோடு தொகையை இணைப்பதைத்தான் சொல்வேன். அரசு ஊழியரின் அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை ஏறுகிறது, அது நியாயம். அதே விலைவாசி, அதே சந்தை, அதே அரிசிக் கடை. தவழ்ந்து போய்க் கடையில் நிற்பவருக்கு மட்டும் அந்த உயர்வு ஏன் பொருந்தாமல் போகிறது? இதற்கு ஒன்றிய அரசு தன் 300ஐத் திருத்த வேண்டும், மாநில அரசு தன் 1500ஐயும் 2000ஐயும் திருத்த வேண்டும். ஒரே ஒரு முறை சட்டமாக்கிவிட்டால் பிறகு பதினோரு ஆண்டு மௌனம் என்பது சாத்தியமே இல்லை.

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், பொத்தேரி, மறைமலைநகர் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமைதோறும் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. உங்கள் தெருவில் உதவித்தொகை நின்றுபோனவர், விண்ணப்பித்துக் காத்திருப்பவர், கைரேகை பதியாமல் திரும்பியவர் யாராவது இருந்தால் அவரோடு ஒரு திங்கட்கிழமை போய்வாருங்கள். தொகை மறுக்கப்பட்டிருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். கொடுக்கும் மனுவின் கடைசியில், அது யாருடைய மனுவாக இருந்தாலும், ஒரு வரி கூடுதலாகச் சேருங்கள்: உதவித்தொகையை விலைவாசிக் குறியீட்டோடு இணைத்து ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும். மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டை வாங்காமல் அங்கிருந்து வராதீர்கள்.